தீரோபிட்டா: ஏதென்ஸ் சமையலறையில் முதல்முறை செய்பவர்களுக்கு

கிரீஸுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து, காலையில் தெருமுனை ரொட்டிக்கடையில் ஒரு தீரோபிட்டாவும் காப்பியும் வாங்கிப் பழகி, ‘இதை நாமே வீட்டில் செய்தால் என்ன’ என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபீலோ என்னும் மெல்லிய மாவுத் தாள்களை அடுக்கி, நடுவில் ஃபெட்டா சீஸை வைத்து ஓவனில் சுடுவது, அவ்வளவுதான் பலகாரம். குறிப்புகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அவை பெரும்பாலும் கிரேக்க வீட்டில் வளர்ந்தவர்களை மனதில் வைத்து எழுதியவை. எந்தத் தாளை வாங்குவது, அதை எப்போது ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுப்பது, சீஸ் கவுன்டரில் கேட்கிற கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதெல்லாம் அவற்றில் இருக்காது. நான் திணறியது அடுப்பில் இல்லை, கடையில்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பலகாரம் சொதப்பினால் பெரும்பாலும் காரணம் ஈரம்தான். உள்ளே வைப்பதில் ஈரம் கூடினால் அடித்தாள் வேகாமல் களியாக நிற்கும். தாளில் ஈரம் குறைந்தால் கையில் எடுக்கும்போதே நொறுங்கும். சுட்டு எடுத்ததும் மூடி வைத்தால் மேல்தாள் நமத்துப்போகும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த மூன்றையும் சமாளிப்பதற்குத்தான்.

1. முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

கையால் வேலை செய்யும் நேரம் 40 நிமிடம்தான். ஆனால் தாள் இளகுவதற்கு ஓர் இரவு வேண்டும். கூடவே இன்னொரு சங்கடம்: இங்கே சூப்பர்மார்க்கெட்டுகள் பொதுவாக ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குச் செய்ய நினைத்து, காலையில் பார்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அன்றைக்குக் காரியம் நடக்காது.

ஞாயிறு மதியத்துக்கு என்றால் என் கணக்கு இப்படி இருக்கும். சனிக்கிழமை பகலில் எல்லாச் சாமானையும் வாங்கிவிடுவது. அன்று இரவு படுக்கப் போகும் முன் தாள் பாக்கெட்டை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுவது. ஞாயிறு காலை 10 மணிக்குப் பாக்கெட்டைப் பிரிக்காமல் வெளியே எடுத்து மேசையில் வைப்பது. 11 மணிக்கு வேலையைத் தொடங்கினால் முக்கால் மணி நேரத்தில் ஓவனுக்குள் போய்விடும். 12:40 வாக்கில் வெளியே வரும். ஆறுவதற்கு அரை மணி நேரம். ஒன்றேகாலுக்குச் சாப்பிடலாம்.

அவசரத்தில் பாக்கெட்டை வெந்நீரில் போட்டு இளக்குவதோ மைக்ரோவேவில் வைப்பதோ வேண்டவே வேண்டாம். வெளிப்பக்கத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நடுத்தாள்கள் பனிக்கட்டியாகவே இருக்கும். பிரிக்கும்போது எல்லாம் கிழியும்.

2. சரியான ஃபீலோவை வாங்குவது

புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். கடையில் ‘ஃபீலோ’ என்று எழுதிய பாக்கெட்டுகள் வரிசையாக இருக்கும். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, எல்லாவற்றின் அட்டையிலும் பொன்னிறமாக ஒரு பிட்டாவின் படம். உள்ளே இருப்பதோ வேறு வேறு.

நமக்கு வேண்டியது ‘ஃபீலோ க்ரூஸ்தாஸ்’. மெல்லியது, சுட்டால் படபடவென்று உடையும், முதல்முறைக்கு ஏற்றது. ‘ஹொரியாதிகோ’ என்றால் கிராமத்துத் தாள். சற்றுத் தடிமனாக இருக்கும், தின்றால் மாவுப் பலகாரம் என்பது நன்றாகத் தெரியும். கையாள எளிது, ஆனால் வேக அதிக நேரம் எடுக்கும், மொறுமொறுப்பும் வேறு விதம். இதுவும் நல்ல தேர்வுதான். தாள் எண்ணிக்கையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், கீழே 2, மேலே 2 போதும். ‘ஸ்ஃபொலியாதா’ என்பது வெண்ணெய் அடுக்கு மடித்த பஃப் மாவு, நம் ஊர் பேக்கரி பஃப்ஸில் வருவது. ரொட்டிக்கடைகளில் கையில் கொடுக்கும் தீரோபிட்டாவில் பல இந்த மாவில் செய்தவை. அந்த ருசி மனதில் இருந்தால் இதை வாங்கிச் சதுரமாக மடித்துச் சுடலாம், ஆனால் அது வேறு செய்முறை. ‘ஃபீலோ விரிதூ’ என்று ஒன்று இருக்கும். மிக மிக மெல்லிய தாள், இனிப்பு வகைகளுக்கு. புதியவர் கையில் அது நிற்காது.

அடுத்தது ஃப்ரீசரில் உள்ளதா, ஃப்ரிட்ஜில் உள்ளதா என்பது. பெரிய கடைகளில் தயிர், வெண்ணெய் இருக்கும் குளிர்ப்பகுதியிலும் ஃபீலோ கிடைக்கும். அதில் ‘நோபோ’ என்று போட்டிருப்பார்கள், உறைய வைக்காதது என்று பொருள். சில காசு கூட இருந்தாலும் முதல்முறைக்கு அதையே வாங்குங்கள். இரவெல்லாம் இளக்கும் வேலை மிச்சம், கிழிசலும் குறைவு. வாங்கும்போது தேதியைப் பாருங்கள், காலாவதி நெருங்கிய பாக்கெட்டில் ஓரங்கள் காய்ந்திருக்கும்.

ஃப்ரீசர் பாக்கெட் என்றால் கையில் எடுத்து லேசாக வளைத்துப் பாருங்கள். உள்ளே பனிப்பொடி சலசலத்தால் வைத்துவிடுங்கள், அது ஒருமுறை இளகி மறுபடி உறைந்தது.

பாக்கெட் பெரும்பாலும் 450 கிராம். இங்கே அதில் பத்துப் பன்னிரண்டு பெரிய தாள்கள் இருக்கும். வேறு நாடுகளில் வாங்குகிறவர்களுக்கு அதே எடையில் சிறிய தாள்களாக இருபதுக்கு மேலும் வரலாம். அப்படியானால் தாள் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். பாக்கெட்டைச் சரிபாதியாகப் பிரித்து, பாதி கீழே, பாதி மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. சீஸ்: லேபிளில் என்ன பார்ப்பது

ஃபெட்டா என்ற பெயரை ஐரோப்பிய ஒன்றியத்தில் யார் வேண்டுமானாலும் போட முடியாது. 2002-இலிருந்து அது பாதுகாக்கப்பட்ட பெயர். கிரீஸின் குறிப்பிட்ட பகுதிகளில், குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பாலும், மீதிக்கு வெள்ளாட்டுப் பாலும் சேர்த்துச் செய்து, குறைந்தது இரண்டு மாதம் முதிர வைத்ததுதான் ஃபெட்டா. பாக்கெட்டில் சிவப்பும் மஞ்சளுமான வட்ட முத்திரை இருக்கும். அருகில் கிரேக்கத்தில் மூன்றெழுத்து: இரண்டு கால் நட்டு மேலே விட்டம் போட்ட எழுத்து, ஒரு வட்டம், மறுபடி அதே விட்டம் போட்ட எழுத்து. ‘பொப்’ என்று படிப்பார்கள். அது இருந்தால் சரி.

இதே அலமாரியில், இதே வெள்ளை நிறத்தில், இதே சதுரத்தில், பாதி விலைக்கு வேறு பாக்கெட்டுகள் இருக்கும். ‘வெள்ளைச் சீஸ்’ என்றோ ‘சாலட் சீஸ்’ என்றோ எழுதியிருக்கும். பெரும்பாலும் பசும்பாலில் செய்தவை. சாலடுக்குக் குற்றமில்லை. பிட்டாவில் வைத்தால் சில வகைகள் உருகி நீர் விடும், ஃபெட்டாவுக்கு உரிய அந்த லேசான புளிப்பும் இருக்காது. முழுக்க இதையே வைத்துச் செய்வதை விட, ஃபெட்டாவைக் கொஞ்சம் குறைத்து வேறு நல்ல சீஸைச் சேர்ப்பது மேல்.

பாக்கெட்டை விட கவுன்டர் நல்லது. சூப்பர்மார்க்கெட்டின் சீஸ் கவுன்டரிலோ, வாரத்தில் ஒருநாள் உங்கள் பகுதியில் கூடும் லைகி சந்தையிலோ கேட்டால் உப்புநீரிலிருந்து துண்டை எடுத்துக் காட்டுவார்கள். உடனே ஒரு கேள்வி வரும்: ‘மலாகி இ ஸ்க்லிரி’ என்று. மெதுவானதா, கெட்டியானதா என்று கேட்கிறார்கள். அவர்கள் பேசும் வேகத்தில் முதலில் ஒன்றும் புரியாது, தலையை மட்டும் ஆட்டினால் எதையாவது வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். ‘ஸ்க்லிரி’ என்று சொல்லுங்கள். கெட்டி ஃபெட்டாவில் நீர் குறைவு, கையால் உதிர்த்தால் நன்றாக உதிரும். ‘நா தொகிமாஸோ’ என்று கேட்டால் ஒரு சிறு துண்டு சுவைக்கத் தருவார்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், இங்கே அது வழக்கம்தான். நாக்கைச் சுடுகிற அளவுக்கு உப்பாக இருந்தால் வேறு கேளுங்கள்.

காசு மிச்சப்படுத்த ஒரு வழி: பெரிய துண்டுகளை வெட்டும்போது உடைந்து விழும் தூளைத் தனியாகக் குறைந்த விலைக்கு விற்பார்கள். ‘ஃபெட்டா த்ரிம்மா’ என்று கேளுங்கள். சாலட்டின் மேல் அழகாக வைக்க உதவாது. பிட்டாவுக்கு எப்படியும் உதிர்க்கத்தானே போகிறோம்!

ஃபெட்டாவை மட்டும் வைத்தால் உப்பு தூக்கலாகிவிடும் என்பதால் உப்பில்லாத மென்மையான ஒன்றைச் சேர்ப்பார்கள். அந்தோதீரோ அல்லது புது மிஸீத்ரா வாங்கலாம், இரண்டும் சீஸ் எடுத்த பிறகு மிஞ்சும் நீரிலிருந்து செய்பவை. கிடைக்காவிட்டால் ரிக்கோத்தா. காரசாரமாக வேண்டுமென்றால் கெஃபலோதீரி என்னும் கெட்டிச் சீஸைத் துருவி ஒரு கைப்பிடி.

சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபெட்டாவுக்குப் பாலைத் திரட்ட விலங்கிலிருந்து எடுத்த ரென்னட்டைப் பயன்படுத்துவது உண்டு. கிரேக்கத்தில் அதன் பெயர் ‘பித்யா’. நுண்ணுயிரிலிருந்து எடுத்ததானால் ‘மிக்ரோவியாகி பித்யா’ என்று லேபிளில் எழுதியிருப்பார்கள். வெறும் ‘பித்யா’ என்று மட்டும் இருந்தால் எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. கவுன்டரில் நிற்பவரிடம் கேட்டாலும் அவருக்குத் தெரிந்திருப்பது அபூர்வம். அதனால் சைவக்காரர்கள் பாக்கெட் வாங்குவதே நல்லது.

4. மீதிச் சாமான்களும் செலவும்

25-க்கு 35 சென்டிமீட்டர் தட்டு ஒன்றுக்கு, 12 துண்டு வரும் அளவு:

ஃபீலோ க்ரூஸ்தாஸ் 450 கிராம்
ஃபெட்டா 400 கிராம்
அந்தோதீரோ அல்லது ரிக்கோத்தா 200 கிராம்
கெட்டித் தயிர் 200 கிராம்
முட்டை 3
மெல்லிய ரவை 2 மேசைக்கரண்டி
மிளகுத்தூள், காய்ந்த புதினா, விரும்பினால் ஒரு சிட்டிகை ஜாதிக்காய்
ஆலிவ் எண்ணெய் 70 மில்லி, வெண்ணெய் 50 கிராம்

உப்புநீரில் வரும் ஃபெட்டாப் பாக்கெட்டில் இரண்டு எடை எழுதியிருக்கும். நீர் வடித்த எடைதான் நம் கணக்கு. தயிர் ‘ஸ்த்ராங்கிஸ்தோ’ என்று போட்டதாக இருக்கட்டும், நீர் வடித்துக் கெட்டியாக்கியது அது. ஆட்டுத்தயிர் என்று மண்சட்டியில் ஏடு படிந்து வருவது தின்ன அருமையாக இருக்கும், ஆனால் நீர் விடும். ரவை ‘சிமிக்தாலி’ என்று கேட்டால் கிடைக்கும், ‘ப்சிலோ’ என்றால் மெல்லிய ரகம்.

வெண்ணெய்க்குப் பதில் நெய்யே ஊற்றலாம். இன்னும் சொல்லப்போனால் அதுதான் மேல். வெண்ணெயில் இருக்கும் நீர் நெய்யில் இல்லை, தாள் நன்றாக மொறுமொறுக்கும். ஒமோனியா பக்கம் மெனாந்த்ரூ தெருவில் உள்ள தெற்காசியக் கடைகளில் நெய் கிடைக்கும். ஆனால் முழுக்க நெய்யாகப் போட்டால் வாசனை நம்மூர் இனிப்புப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. பாதி ஆலிவ் எண்ணெய் இருக்கட்டும்.

விலை கடைக்குக் கடை மாறும். ஏறக்குறையச் சொன்னால் தாள் 3 யூரோ, ஃபெட்டா 5 முதல் 6, மற்ற சீஸ் 2, தயிரும் முட்டையும் சேர்த்து இரண்டரை, எண்ணெய் வெண்ணெய் ஒன்றரை. ஆக 14, 15 யூரோவுக்குள் 12 துண்டு. ரொட்டிக்கடையில் ஒன்று 2 யூரோவுக்கு மேல் போகிறது. தனியாள் ஒருவருக்கு இதில் பெரிய லாபம் இல்லை. மூன்று நான்கு பேர் சேர்ந்து தங்கியிருக்கும் வீட்டுக்கு நல்ல லாபம்.

தட்டு பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடித் தட்டு, பீங்கான் தட்டு இரண்டும் மெதுவாகச் சூடாகும், அடித்தாள் வெளிறிப்போய் நிற்கும். இங்கே ‘தாப்சி’ என்று சொல்லும் சாதாரண அலுமினியத் தட்டு போதும். வீட்டுச் சாமான் கடையில் சில யூரோவுக்குக் கிடைக்கும்.

5. உள்ளீடு கலப்பது

அந்தோதீரோவை முதலில் ஒரு வடிகட்டியில் போட்டுக் கால் மணி நேரம் வைத்துவிடுங்கள். ஃபெட்டாவை நீர் வடித்து, பேப்பர் துண்டில் ஒற்றி, கையால் உதிருங்கள். மிக்ஸியில் போட வேண்டாம். புளியங்கொட்டை அளவுக் கட்டிகள் அங்கங்கே இருந்தால்தான் கடிக்கும்போது சீஸ் தெரியும்.

இரண்டு சீஸையும் தயிரையும் கலந்து, முட்டை சேர்ப்பதற்கு முன் ருசி பாருங்கள். பச்சை முட்டை விழுந்த பிறகு நாக்கில் வைக்க முடியாது, அதனால் இதை விட்டால் சந்தர்ப்பம் இல்லை. உப்பு கூடுதலாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் அந்தோதீரோ. தனியாக உப்பு போடவே கூடாது. எத்தனையோ குறிப்புகளில் ‘உப்பு தேவைக்கேற்ப’ என்று எழுதியிருக்கிறார்கள், தேவையே இல்லை.

பிறகு அடித்த முட்டை, மிளகு, புதினா, கடைசியாக ரவை. பத்து நிமிடம் அப்படியே வையுங்கள், ரவை ஈரத்தை இழுக்கும். பத்து நிமிடம் கழித்துக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கெட்டியான இட்லி மாவு போல மெதுவாக விழ வேண்டும். ஓடினால் இன்னொரு கரண்டி ரவை.

முட்டை சாப்பிடாதவர்கள் மூன்று முட்டைக்குப் பதில் 100 கிராம் தயிரும் 2 மேசைக்கரண்டி சோளமாவும் (கார்ன்ஃப்ளார்) சேர்க்கலாம். உப்பி எழாது, துண்டு போடும்போது கொஞ்சம் உதிரும், ருசிக்குக் குறையில்லை. நன்றாக ஆறிய பிறகுதான் வெட்ட வேண்டும்.

6. தாள் அடுக்குவது

பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்: எண்ணெய் தடவிய தட்டு, உருக்கிக் கலந்த எண்ணெய் வெண்ணெய், பிரஷ், கத்தரி, உள்ளீடு. போனைத் தள்ளி வையுங்கள். பிரித்த பாக்கெட் பேசி முடிக்கும்வரை காத்திருக்காது.

சுருளைப் பிரித்து, தாள்களை ஒரே அடுக்காகப் படுக்க வையுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் தாள், அதற்கு மேல் பிழிந்த ஈரத்துணி. ஈரத்துணியை நேராகத் தாளின் மேல் போடச் சொல்வார்கள், செய்யாதீர்கள். இரண்டு நிமிடத்தில் மேல் இரண்டு தாளும் பசையாகி ஒட்டும்.

முதல் தாளை எடுத்துத் தட்டில் விரியுங்கள், ஓரங்கள் தட்டுக்கு வெளியே தொங்கட்டும். பிரஷ்ஷை எண்ணெயில் முக்கிச் சுவருக்கு வண்ணமடிப்பது மாதிரி இழுத்தால் தாள் கிழியும். தெளித்து, அங்கங்கே ஒற்றினால் போதும். ஓரத்திலிருந்து தொடங்குங்கள், முதலில் காய்வது அதுதான். இப்படி 6 தாள். ஒவ்வொன்றையும் சற்றுத் திருப்பிப் போட்டால் நான்கு பக்கமும் ஓரம் தொங்கும்.

உள்ளீட்டைக் கொட்டிப் பரப்புங்கள். தொங்கும் ஓரங்களை உள்பக்கமாக மடித்து அதன் மேல் போடுங்கள். அப்புறம் மீதித் தாள்கள், ஒவ்வொன்றுக்கும் எண்ணெய். மேல்தாள்களை விறைப்பாக இழுத்துப் படிய வைக்காமல், லேசாகச் சுருக்கங்களோடு விட்டால் நன்றாக மொறுமொறுக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கத்தரியால் வெட்டி, ஓரத்தைத் தட்டுக்கும் பிட்டாவுக்கும் நடுவில் விரலால் செருகிவிடுங்கள்.

தாள் கிழிந்தால் கவலை வேண்டாம். கிழிசல்களை நடு அடுக்குகளில் போடுங்கள், முழுசாக இருக்கும் இரண்டை மேலுக்கு எடுத்து வையுங்கள். பாக்கெட் முழுக்கவே கிழிந்து போயிருந்தாலும் வழி உண்டு. துண்டுகளைக் கசக்கித் தட்டில் நெருக்கமாக வைத்து, எண்ணெய் தெளித்து, உள்ளீட்டில் ஒரு டம்ளர் பால் சேர்த்து மேலே ஊற்றிச் சுட்டுவிடுங்கள். பட்சவூரோபிட்டா என்று இங்கே அதைத் தனிப் பலகாரமாகவே செய்கிறார்கள். சொல்லப்போனால் அவசரக்காரர்களுக்கு அதுவே வசதி.

7. கீறல், தண்ணீர், ஓவன்

சுட்ட பிறகு வெட்டினால் மேல்தாள் தூள்தூளாகும். அதனால் பச்சையாக இருக்கும்போதே கூரான கத்தியால் துண்டுகளாகக் கீறிவிட வேண்டும். மேல்தாள்கள் மட்டும் வெட்டுப்பட வேண்டும், அடிவரை இறக்கினால் உள்ளீடு கசிந்து அடியில் பிடிக்கும். கத்தி தாளை இழுத்துக்கொண்டு போனால் தட்டைப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் கீறுங்கள், வெண்ணெய் இறுகி வேலை சுலபமாகும்.

பிறகு கையைத் தண்ணீரில் நனைத்து மேலே இரண்டு மூன்று முறை உதறுங்கள். ஈரமே எதிரி என்று சொல்லிவிட்டு இப்போது தண்ணீர் தெளிக்கச் சொல்கிறேனே என்று தோன்றும். இந்தச் சில துளிகள் மேல்தாள் காய்ந்து சுருண்டு எழாமல் இருக்க, ஓவன் சூட்டில் சீக்கிரமே ஆவியாகிவிடும். இங்கே பாட்டிமார் எல்லோரும் செய்வது இது.

ஓவனை முன்பே 180 டிகிரிக்குச் சூடாக்குங்கள், மேலும் கீழும் கம்பி எரியும் முறையில். தட்டு நடுவுக்கு ஒரு படி கீழே இருக்கட்டும். 45 முதல் 50 நிமிடம். விசிறி முறை மட்டும் இருந்தால் 165. மேல்புறம் சிவந்துவிட்டது என்று 30 நிமிடத்தில் எடுத்துவிடாதீர்கள். அடியும் சிவந்திருக்க வேண்டும். ஓரத்தை ஒரு கத்தி நுனியால் தூக்கிப் பாருங்கள், வெளிறியிருந்தால் தட்டை நேராக ஓவனின் அடித்தளத்தில் வைத்து இன்னும் 5 நிமிடம்.

மாணவர் அறைகளில் மேசை மேல் வைக்கும் சிறிய ஓவன்தான் இருக்கும். அதில் மேல்கம்பி மிகவும் நெருக்கம். 20 நிமிடத்தில் எட்டிப் பார்த்து, சிவக்கத் தொடங்கியதும் அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போட்டுவிடுங்கள். கடைசி ஐந்து நிமிடம் எடுத்துவிடலாம். தட்டு உள்ளே நுழையுமா என்று கடையிலேயே அளவு பார்ப்பதும் நல்லது.

8. ஆறட்டும்

வெளியே எடுத்ததும் உள்ளே இன்னும் கொழகொழவென்றுதான் இருக்கும். அரை மணி நேரம் கம்பி வலையின் மேல் தட்டை வையுங்கள், கீழேயும் காற்றோட்டம் வேண்டும். மூடி போடாதீர்கள், துணியும் வேண்டாம். இந்த அரை மணியில்தான் முட்டையும் ரவையும் இறுகி, துண்டு துண்டாக எடுக்க வரும்.

9. மறுநாள், ஃப்ரீசர், அக்கம்பக்கம்

மீந்ததை ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். சூடாக்க ஓவன் 160 டிகிரியில் பத்து நிமிடம், அல்லது மூடாத தோசைக்கல்லில் சிறு தீயில். மைக்ரோவேவில் வைத்தால் ஈரச்சாக்குதான் கிடைக்கும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்ல வழி, பச்சையாகவே கீறி ஃப்ரீசரில் வைப்பது. இதற்கு ‘நோபோ’ தாள்தான் சரி, ஒருமுறை உறைந்து இளகிய தாளை மறுபடி உறைய வைத்தால் வெடிக்கும். சுடும் நாளில் இளக்க வேண்டாம். ஃப்ரீசரிலிருந்து நேராக ஓவனுக்கு, 180 டிகிரி, வழக்கத்தை விட 15 நிமிடம் கூடுதல்.

அக்கம்பக்கத்தாருக்கோ அலுவலகத்துக்கோ கொண்டுபோக ஆசைப்பட்டால் நாட்காட்டியைப் பாருங்கள். ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பில் விரதம் இருப்பவர்கள் பாலும் முட்டையும் தொடமாட்டார்கள். ஆகஸ்ட் முதல் பதினான்கு நாளிலும் அப்படித்தான். மரியாதைக்காக வாங்கி வைத்துக்கொள்வார்கள், சாப்பிடமாட்டார்கள். நோன்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம் ‘தீரினி’. இறைச்சி நின்று சீஸ் மட்டும் மிஞ்சியிருக்கும் வாரம் அது. அப்போது கொண்டுபோனால் தட்டு காலியாகித் திரும்பும்.

10. ஃபீலோ இல்லாத நாளுக்கு

ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருக்கிறது, தாள் வாங்க மறந்துவிட்டது, ஃபெட்டா மட்டும் இருக்கிறது என்றால் எபிரஸ் பகுதியின் மலைக்கிராமங்களில் செய்யும் அலெவ்ரோபிட்டாவைப் பாருங்கள். ஸகோரிப் பக்கத்துப் பலகாரம், தாளே கிடையாது.

மைதா 200 கிராம், முட்டை 2, பாலும் தண்ணீரும் கலந்து 300 மில்லி. கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள், தண்ணியாகத்தான் இருக்கும். பெரிய தட்டில், 30-க்கு 40 சென்டிமீட்டர் இருந்தால் சரி, தாராளமாக ஆலிவ் எண்ணெய் ஊற்றி 220 டிகிரி ஓவனில் புகை வராத அளவுக்குச் சூடாக்குங்கள். வெளியே எடுத்து மாவை ஊற்றுங்கள், ‘சொய்ங்’ என்று சத்தம் வர வேண்டும். மேலே 250 கிராம் ஃபெட்டாவை உதிர்த்து, வெண்ணெயைச் சிறு துண்டுகளாக அங்கங்கே போட்டு, மறுபடி ஓவனில் 30 முதல் 40 நிமிடம். அரை விரல் தடிமனுக்கு மேல் இருக்கக் கூடாது. சிறிய தட்டில் முழு மாவையும் ஊற்றினால் நடுவில் வேகாது, இரண்டு தடவையாகச் சுடுங்கள். ஓரமெல்லாம் கரும்பழுப்பாகி, தட்டிலிருந்து தானாக விலகும்போது எடுக்கலாம். ஆற வைக்கத் தேவையில்லை. சூட்டோடு வெட்டிச் சாப்பிட வேண்டியது இது, ஆறினால் ரப்பராகிவிடும்.